யார் வீட்டுப் புகை?

விறகடுப்பு எரிந்த பழைய சமையலறைகளைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவர் பங்குனி பிறப்பதற்குள் அடுப்புக்கு மேலே பழுப்பேறிவிடும். வீட்டு அம்மாள் முணுமுணுத்துக்கொண்டே மறுபடியும் சுண்ணாம்பைக் கரைப்பாள். ஆக்ராவில் தாஜ்மஹாலுக்கு நேர்ந்திருக்கும் கதியும் ஏறக்குறைய இதுதான். ஆனால் தாஜ்மஹாலுக்குச் சுண்ணாம்பு அடிக்க முடியுமா?

மும்தாஜ் 1631-ல் காலமானாள். அடுத்த ஆண்டே ஷாஜஹான் சக்கரவர்த்தி அவளுக்குச் சமாதி எழுப்பத் தொடங்கினார். ராஜஸ்தானத்து மக்ரானாவிலிருந்து வெள்ளைச் சலவைக்கல் வந்தது. விடியலில் ரோஜா நிறம், பௌர்ணமியில் பால் நிறம் என்று போய் வந்தவர்கள் சொல்லிச் சொல்லி மாய்ந்து போவார்கள். அந்தக் கல்தான் மஞ்சளும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக நிறம் மாறியது.

குற்றவாளி யார்? முதலில் ஆலைகளையே எல்லோரும் சுட்டிக் காட்டினார்கள். காரணம் இல்லாமல் இல்லை. நிலக்கரிப் புகையிலுள்ள கந்தகம் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகும்; அமிலம் சலவைக்கல்லை மெல்ல மெல்ல அரிக்கும். எம். ஸி. மேத்தா என்ற வழக்கறிஞர் 1984-ல் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடர்ந்தார். 1996 டிசம்பர் 30-ல் தீர்ப்பு வந்தது. 292 ஆலைகள் எரிவாயுவுக்கு மாற வேண்டும். இல்லையேல் அந்தப் பிரதேசத்தை விட்டே வெளியேற வேண்டும்!

அதற்குப் பிறகாவது பழுப்பு நின்றதா? நிற்கவில்லை. இந்திய, அமெரிக்க விஞ்ஞானிகள் சிலர் ஒரு காரியம் செய்தார்கள். சின்னச் சின்னச் சலவைக்கல் துண்டுகளைத் தாஜின் கும்மட்டத்தருகே இரண்டு மாதம் வைத்து, பிறகு அவற்றை நுண்பெருக்கிக் கருவியின் கீழ் ஆராய்ந்தார்கள். முடிவு 2014-ல் வெளியாயிற்று. கல்லில் ஒட்டியிருந்தவை மண்தூசியும் கரித்துகள்களும். குப்பை, சருகு, வறட்டி முதலியவை அரைகுறையாக எரியும்போது கிளம்பும் பழுப்பு நிறக் கரியும் அவற்றில் உண்டு. வெள்ளைக்கல் எல்லா நிற ஒளியையும் திருப்பி அனுப்பும். இந்தத் துகள்களோ நீல ஒளியை விழுங்கிவிடுகின்றன. அதனால் நம் கண்ணுக்கு எஞ்சுவது மஞ்சளும் பழுப்பும்!

வறட்டி என்றதும் என்ன நடந்தது தெரியுமா? 2015-ன் தொடக்கத்தில் ஆக்ராவில் வறட்டி எரிக்கக் கூடாது என்று தடை வந்தது. ஏழை வீட்டு அடுப்பின் மேல் பழி விழுந்துவிட்டது.

ஆனால் 2016-ல் வெளிவந்த இன்னோர் ஆராய்ச்சி வேறு கணக்குச் சொல்லிற்று. தாஜின் மேல் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஆண்டுக்கு வறட்டிப் புகையால் படியும் நுண்துகள் சுமார் 12 மில்லிகிராம். தெருவில் கொளுத்தும் குப்பையால் படிவதோ சுமார் 150 மில்லிகிராம்! அந்தக் குப்பைப் புகையால் ஆக்ராவில் ஆண்டுதோறும் 700 பேருக்கு மேல் அகால மரணம் அடைவதாகவும் அதே ஆராய்ச்சி மதிப்பிட்டது. கல்லின் மேல் படிகிற கரி, கல்லைச் சுற்றி வாழ்கிறவர்களின் நெஞ்சுக்குள்ளும் படியாமல் இருக்குமா?

தொல்பொருள் இலாகாவினர் கையாளும் வைத்தியம் உங்களுக்குத் தெரிந்ததுதான். முல்தானி மட்டி! நீங்கள் முகத்தில் பூசிக்கொள்வது போலவே கல்லின் மேல் குழைத்துப் பூசி, காய்ந்ததும் எடுத்துவிட்டுச் சுத்தமான நீரால் கழுவுகிறார்கள். 1994 முதல் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை இது நடந்து வருகிறது. அழுக்கு போகிறது; முகம் பளிச்சென்று ஆகிறது. அடுத்த வாரமே காற்றில் மறுபடியும் கரி வந்தால் மட்டி என்ன செய்யும்?

தாஜுக்கு மட்டி பூசலாம். மனிதரின் நுரையீரலுக்கு எதைப் பூசுவது? குப்பை அள்ள வண்டி வராத தெருவில்தான் குப்பைக்குத் தீ வைக்கிறார்கள். ஆகவே அடுப்படியில் நிற்கும் ஏழைப் பெண்ணைக் குற்றவாளியாக்குவதை விட, அவள் தெருவுக்கு ஒழுங்காக ஒரு குப்பை வண்டி அனுப்புவதே மேல். மும்தாஜின் சமாதியும் வெளுக்கும். அந்தப் பெண்ணின் குழந்தையும் இருமாமல் தூங்கும்.

உங்கள் தெருமுனையிலும் யாராவது குப்பைக்கு நெருப்பு வைத்தால், சகோதரிகளே, சும்மா ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருந்துவிடாதீர்கள்!