மழை காக்கும் மரவீடுகள்

நார்வேயின் பெர்கன் நகருக்குப் போக நினைப்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, “மழை வருமா?” என்பதுதான். வரும். ஆண்டுக்கு 200 நாள்களுக்கு மேல் அங்கு மழை பெய்கிறது. ஆண்டு மழையளவு 2,200 மில்லிமீட்டரைத் தாண்டும். சிங்கப்பூரின் சராசரியும் ஏறக்குறைய 2,100 மில்லிமீட்டர்தான். ஆனால் நம் ஊர் மழை கொட்டித் தீர்த்துவிட்டு வெயிலுக்கு வழிவிடும். பெர்கன் மழைக்கு அந்த அவசரம் கிடையாது. மணிக்கணக்கில் தூறிக்கொண்டே இருக்கும்.

சுற்றுப்பயணிகள் அலுத்துக்கொள்ளும் அந்த மழைதான், அவர்கள் பார்க்க வந்த பழைய துறைமுகத்தைத் தாங்கிப் பிடிக்கிறது.

பெர்கன் இருப்பது ஏறக்குறைய 60 பாகை வடக்கே. அவ்வளவு வடக்கில் இருந்தும் அதன் துறைமுகம் குளிர்காலத்தில் உறைவதில்லை. அட்லாண்டிக் கடலின் வெப்ப நீரோட்டம் அந்தக் கரை வரை வருகிறது. அந்தக் கடலின் ஈரத்தைச் சுமந்துகொண்டு மேற்குக் காற்று வீச, நகரைச் சூழ்ந்த மலைகள் அதை மேலே தள்ளுகின்றன. உயர உயரக் காற்று குளிர்கிறது, ஈரம் மழையாகிறது. 1918 முதல் ஓடும் மலை ரயிலில் ஏறினால் சில நிமிடங்களில் சுமார் 320 மீட்டர் உயரத்துக்குப் போய்விடலாம். கீழே துறைமுகத்தின் ஓரத்தில் சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு வரிசை மரக்கட்டடங்கள் தெரியும். அதுதான் பிரிக்கன். 1979ல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைத் தலமானது.

அங்கு வணிகம் செய்தவர்கள் ஹான்சா எனப்பட்ட ஜெர்மானிய வணிகக் கூட்டமைப்பினர். 14ஆம் நூற்றாண்டு முதல் 18ஆம் நூற்றாண்டு வரை அவர்களின் கிடங்குகள் அங்கு இயங்கின. முக்கியச் சரக்கு கருவாடு. வடக்கே லொஃபோட்டன் தீவுகளில் பிடித்த காட் மீனை உப்பே போடாமல் குளிர்காற்றில் மாதக்கணக்கில் தொங்கவிட்டு உலர்த்துவார்கள். உறைநிலையை ஒட்டிய குளிரில் ஈயும் அண்டாது, கிருமியும் பெருகாது. அந்தக் கருவாட்டைக் கொடுத்துத் தானியம் வாங்கினார்கள்.

மரவீடுகளுக்கு எப்போதும் எமன் நெருப்புதான். 1702ல் பிரிக்கன் முழுக்க எரிந்தது. இன்று நாம் பார்ப்பவை அதன்பின் பழைய அமைப்பிலேயே கட்டியவை. 1955ல் மீண்டும் ஒரு பெரும் பகுதி சாம்பலானது. அந்த இடத்தை அஸ்பியோர்ன் ஹெர்டெய்க் என்ற தொல்லியல் அறிஞர் தோண்டத் தொடங்கினார். பழைய வடக்கத்திய எழுத்தான ரூன் பொறித்த 600க்கும் மேற்பட்ட பொருள்கள் கிடைத்தன. பெரும்பாலானவை மரக்குச்சிகள். இந்தச் சரக்கு இன்னாருடையது என்ற சீட்டுகள், வணிகக் கடிதங்கள், காதல் வரிகள் எல்லாம் அவற்றில் உண்டு. ‘வீட்டுக்குப் போகச் சொல்கிறாள்’ என்று ஒரு பெண்ணின் பெயரில் எவருக்கோ அனுப்பிய குச்சியும் உண்டு. அந்த ஆள் போனாரா என்பதற்குக் குச்சி இல்லை!

மரக்குச்சி எழுநூறு, எண்ணூறு ஆண்டுகள் மக்காமல் எப்படி இருந்தது?

<b>காலடியில் ஒரு குளிர்பெட்டி</b>

பிரிக்கன் நிற்பது பாறைமீதல்ல. ஒவ்வொரு தீவிபத்துக்குப் பிறகும் இடிபாடுகளையும் குப்பையையும் கடலில் தள்ளி, மரச்சட்டங்கள் அடுக்கி, அதன்மேல் புதுத் துறையைக் கட்டினார்கள். இப்படியே கரை நூறு மீட்டருக்கும் மேல் கடலுக்குள் நகர்ந்தது. ஆக, கட்டடங்களுக்கு அடியில் இருப்பது பல மீட்டர் தடிமனுள்ள மரம், சாணம், எலும்பு, தோல். அவ்வளவும் மக்கக்கூடியவை. நிலத்தடி நீர் அவற்றை நனைத்து மூடியிருக்கும் வரை உயிர்வாயு உள்ளே நுழையாது. உயிர்வாயு இல்லாமல் மரத்தைத் தின்னும் பூஞ்சைகளும் நுண்ணுயிர்களும் விரைவாக வேலை செய்ய முடியாது.

அந்த நீர் வடிந்துவிட்டால்? அதுதான் நடந்தது. 1980 வாக்கில் பக்கத்து நிலத்தில் நிலத்தடித் தளத்துடன் ஒரு ஹோட்டல் எழும்பியது. அந்தத் தளம் நனையாமலிருக்க நீரை வடித்துக்கொண்டே இருந்தார்கள். பக்கத்தில் நீர்மட்டம் இறங்கியது, காற்று புகுந்தது, அடியிலிருந்தவை மக்கத் தொடங்கின. சில இடங்களில் தரை ஆண்டுக்கு 6 முதல் 8 மில்லிமீட்டர் வரை தாழ்ந்தது. ஒரு விரல் நகத்தின் அகலம்கூட இல்லையே என்று தோன்றலாம். ஐம்பது ஆண்டுகளில் அது ஏறக்குறைய ஓர் அடி முதல் ஒன்றேகால் அடி வரை. கூடவே, மக்கிப்போன வரலாற்றை எந்த நிதியாலும் திரும்ப வாங்க முடியாது.

சரிசெய்த விதம்தான் இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்தது. கூரையிலும் தெருவிலும் விழும் மழைநீரைக் குழாய் வழியே கடலுக்கு அனுப்புவதற்குப் பதிலாக மண்ணுக்குள்ளேயே இறக்கினார்கள். நீர் ஊடுருவும் தரைக்கற்கள், புல் வாய்க்கால்கள், மழைத்தோட்டங்கள் வந்தன. நம் வீவக வட்டாரங்களில் வெள்ளத்தைக் குறைக்க அமைக்கும் அதே மழைத்தோட்டம்தான். அங்கு வேலை நேர்மாறு, நிலத்தை ஈரமாக வைத்திருப்பது. நீர்மட்டம் ஏறியது, தாழ்வு வெகுவாகக் குறைந்தது. பிரிக்கனின் சந்துகளில் நடக்கும்போது சாய்ந்த சுவர்களைப் படமெடுங்கள். ஆனால் பின்பக்கம் போய்த் தரையையும் பாருங்கள்.

<b>மழை பனியாக விழுந்த காலம்</b>

பெர்கனிலிருந்து ஒரே நாளில் ஃபியோர்டு பார்த்துத் திரும்பலாம். ரயிலில் மிர்டால் வரை சென்று, அங்கு மாறி ஃப்லோம் ரயிலில் இறங்குங்கள். இருபதே கிலோமீட்டரில் 860 மீட்டருக்கு மேல் கீழே இறங்கும் பாதை அது. பிறகு படகில் குட்வாங்கனுக்கு இரண்டு மணி நேரம். வழியில் வரும் நேரொய் ஃபியோர்டும் 2005 முதல் உலக மரபுடைமைத் தலம். ஓரிடத்தில் அதன் அகலம் வெறும் 250 மீட்டர். இருபுறமும் பாறைச் சுவர்.

இதைச் செதுக்கியதும் அந்த ஈரக் காற்றுதான். பனியுகங்களில் அது கொண்டுவந்த ஈரம் பனியாகக் கொட்டி, உருகாமல் குவிந்து, பனியாறாகி நகர்ந்தது. அடியில் சிக்கிய கற்கள் உப்புத்தாள்போல் பாறையைத் தேய்த்தன. பழைய ஆற்றுப் பள்ளங்கள் கடல்மட்டத்துக்கும் கீழே ஆழமாயின. நேரொய் சேரும் சொங்னே ஃபியோர்டு ஏறக்குறைய 205 கிலோமீட்டர் நீளம், 1,300 மீட்டர் ஆழம். வாய்ப்பகுதியிலோ ஆழம் 200 மீட்டர்கூட இல்லை. கடலை நெருங்கியபோது பனியாறு பரந்து மெலிந்தது, தோண்டும் வலு போய்விட்டது.

ஆழமான இந்தப் பள்ளத்தாக்கில் புகை தேங்கிவிடும் என்பதால், மரபுடைமை ஃபியோர்டுகளில் 2026 முதல் சிறிய பயணிக் கப்பல்கள் புகையின்றி ஓட வேண்டும் என்று நார்வே விதித்துள்ளது. பெரிய கப்பல்களுக்கு 2032 வரை அவகாசம்.

படகு போகும்போது சுவரின் பாதி உயரத்தில் தொங்கும் சிறு பள்ளத்தாக்குகளைக் கவனியுங்கள். கிளைப் பனியாறுகளுக்குப் பெரிய பனியாற்றின் வலு இல்லாததால் அவை தோண்டியது அவ்வளவுதான். அருவிகள் விழுவது அங்கிருந்துதான். அதனால் மழை நாளில் படகுப் பயணத்தை ரத்து செய்துவிடாதீர்கள். அன்றுதான் அருவிகள் கூடுதலாக இருக்கும். குடை வேண்டாம், காற்றில் நிற்காது. நல்ல மழையங்கி போதும்.