பழைய லாரிக்குத் திருகு பில்டர் பொருத்தலாமா?

சங்கக் கணக்குகளைத் தணிக்கை செய்யும்பொழுது, "லாரி ரிப்பேர்" என்ற தலைப்பின் கீழ் வரும் பற்றுச்சீட்டுகளை நான் சற்று நிதானித்துப் பார்ப்பது வழக்கம். கொள்ளிடக் கரையிலுள்ள ஒரு சங்கத்தில், சில ஆண்டுகளுக்கு முன், ஓராண்டு லாபம் முழுவதையும் விழுங்கிய ஒரு பட்டறைப் பில் என் கண்ணில் பட்டது. கிராங்க் ஷாப்டு கடைந்தது, பேரிங் மாற்றியது, அறுவடைக் காலத்தில் வெளி லாரிக்குக் கொடுத்த வாடகை எனச் செலவு நீண்டது. காரணத்தை விசாரித்தேன். ஆயில் பில்டர் மாற்றிய அன்று, கிண்ணத்தின் மேல்விளிம்பு பதியும் பள்ளத்திலிருந்த பழைய ரப்பர் வளையத்தை எடுக்காமல் அதன்மீதே புதிய வளையத்தை வைத்து முடுக்கியிருக்கிறார்கள். பாலத்தைத் தாண்டித் தஞ்சைச் சாலையில் சிறிது தூரம் செல்வதற்குள் வளையம் பிதுங்கி எண்ணெய் முழுவதும் வழிந்துவிட்டது. எண்ணெய் அழுத்தம் காட்டும் முள்ளோ பல மாதங்களாகவே வேலை செய்யவில்லை!

இதனால்தான், "கிண்ண பில்டரை எடுத்துவிட்டுத் திருகு பில்டர் போடலாமா?" என்று அங்கத்தினர்கள் கேட்கும் கேள்வியை விரிவாக விளக்க முற்படுகின்றேன்.

டாடா நிறுவனம் 1954ஆம் ஆண்டில் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் நிறுவனத்துடன் கூடி லாரிகளைத் தயாரிக்கத் தொடங்கிற்று. அக்காலத்திலும் அதற்குப் பின் பல ஆண்டுகளிலும் வந்த லாரி எஞ்சின்களில் பெரும்பாலும் கிண்ண பில்டரே இருந்தது. இரும்புக் கிண்ணத்தினுள் மாற்றக்கூடிய காகித எலிமென்ட் இருக்கும். நடுவே ஒரு நீண்ட போல்ட் அனைத்தையும் தலைப்பகுதியுடன் இறுக்கிப் பிடிக்கும். திருகு பில்டரிலோ கிண்ணம், எலிமென்ட், ரப்பர் வளையம் யாவும் ஒரே தகரக் கூட்டில் அடங்கியுள்ளன. கூட்டையே மரையில் திருகிக் கழற்றி, புதியதைத் திருகிவிடலாம். பழைய தலைப்பகுதியில் அதற்குரிய மரைத்தண்டு இல்லாததால், நடுவே ஓர் அடாப்டர் தட்டைப் பொருத்த வேண்டும். மாற்றம் என்பது இவ்வளவே.

ஆனால் இந்தத் தட்டைப் பற்றித்தான் எச்சரிக்கை தேவை. எஞ்சினில் எண்ணெய் எவ்வழியே செல்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும். சில எஞ்சின்களில் பம்ப் தள்ளும் எண்ணெய் முழுவதும் பில்டர் வழியாகவே பேரிங்குகளுக்குப் போகும். மிகப் பழைய சிலவற்றில் ஒரு சிறு பகுதி மட்டும், ஒரு நுண்துளை வழியே பில்டருக்குள் புகுந்து, மீண்டும் சம்புக்குத் திரும்பும். இந்த இரண்டாம் வகையில் தட்டு மாற்றும்பொழுது நுண்துளை விடுபட்டுப் போனால், எண்ணெய் எளிய வழியில் சம்புக்கே ஓடி, பேரிங்குகளுக்குரிய அழுத்தம் குறைந்துவிடும்.

முதல் வகையில் பைபாஸ் வால்வைக் கவனிக்க வேண்டும். பில்டர் அடைத்துக்கொண்டாலும், விடியற்காலைக் குளிரில் எண்ணெய் கெட்டியாக இருந்தாலும், இவ்வால்வு திறந்து வடிகட்டாத எண்ணெயையே பேரிங்குகளுக்கு அனுப்பும். எண்ணெயே இல்லாமற் போவதைவிட அழுக்கு எண்ணெய் மேலன்றோ? இவ்வால்வு தலைப்பகுதியில் இருந்தால் கவலையில்லை. கிண்ணத்திலோ நடு போல்ட்டிலோ இருந்தால், அவற்றைக் கழற்றி எறியும்பொழுது வால்வும் போய்விடும். அப்பொழுது வால்வு உள்ளடங்கிய திருகு பில்டரையே வாங்க வேண்டும்.

எண்ணெய் சுற்றோரத் துளைகளில் புகுந்து நடுத்துளையில் வெளிவருவதே திருகு பில்டரின் அமைப்பு. எஞ்சினை நிறுத்தியதும் எண்ணெய் பின்னோக்கி வடியாதபடி, ஓரத் துளைகளை மூடும் ரப்பர்த் தட்டு ஒன்று பல பில்டர்களின் உள்ளே உண்டு. தட்டின் வழிகள் மாறிப்போனால் இந்த ரப்பரே ஓட்டத்தை அடைத்துவிடும்.

மரையும் ஏமாற்றும். முக்கால் அங்குல மரைத்தண்டு 19.05 மில்லிமீட்டர், 20 மில்லிமீட்டர் மரையுள்ள பில்டர் அதில் ஏறிவிடும், இறுகியது போலவும் தோன்றும். அழுத்தம் ஏறும்பொழுது கழன்று தெறித்துவிடும். கார் பில்டர் மலிவாகக் கிடைக்கிறதென்று ஆறு சிலிண்டர் லாரிக்குப் பொருத்துவதும் வீண். அதன் அளவு போதாமல் பைபாஸ் வால்வு அடிக்கடி திறந்தே கிடக்கும்.

பொருத்தும் முறை எளிது. பழைய ரப்பர் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். இந்த ஆபத்து திருகு பில்டரிலும் முற்றிலும் நீங்கிவிடவில்லை. புதிய ரப்பரில் எண்ணெய் தடவிக் கையாலேயே திருகி, ரப்பர் தொட்டபின் கூட்டின்மேல் அச்சிட்டுள்ள அளவுக்கு, பெரும்பாலும் முக்கால் சுற்று, முடுக்கினால் போதும். பிறகு ஸ்டாப் கம்பியை இழுத்துப் பிடித்து, எஞ்சின் பற்றிக்கொள்ளாதபடி, சில விநாடிகளாக விட்டுவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றி, அழுத்த முள் அசைந்தபின்பே எஞ்சினை ஓட விடவேண்டும். மெதுவாக ஓடவிட்டுக் கசிவு பார்த்து, நிறுத்திச் சற்றுப் பொறுத்து, அளவுக் கம்பியைப் பார்த்துக் குறையும் எண்ணெயை ஊற்றலாம். வடித்த பழைய எண்ணெயை வாய்க்காலில் கொட்டும் பழக்கம் நம்மவரிடம் உள்ளது. அதே வாய்க்கால் நீர்தான் நம் நெல்லுக்கும் பாய்கிறது.

என் அபிப்பிராயத்தை மறைக்காமல் கூறுகின்றேன். திருகு பில்டர் எண்ணெயை அதிகமாக வடிகட்டுவதில்லை; மாற்றுவதைச் சுலபமாக்குகிறது. எலிமென்ட்டைவிட அதன் விலை கூடுதலாக இருக்கும். தட்டின் செலவு தனி. கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் படிந்த உலோகத் துகளைக் கண்ணாலேயே பார்த்துப் பேரிங் தேய்வை முன்கூட்டி அறியலாம். திருகு பில்டரை அறுத்துப் பார்த்தாலன்றி அது தெரியாது. ஆகவே கிண்ணம் பழுதின்றி இருந்து, கைதேர்ந்த மெக்கானிக்கும் கிடைத்தால், மாற்ற வேண்டியதில்லை. கிண்ணம் நசுங்கியோ, நடு போல்ட்டின் மரை தேய்ந்தோ, எலிமென்ட் கிடைப்பது அரிதாகியோ இருந்தால் மாற்றலாம். அவ்வெஞ்சினுக்கென்றே செய்த தட்டை வாங்க வேண்டும். பட்டறையில் உத்தேசமாகக் கடைந்ததை வாங்கலாகாது.

மேற்சொன்ன சங்கத்து நிர்வாகிகள் என்னிடம் இதே யோசனையைக் கேட்டனர். முதலில் அழுத்த முள்ளைச் சரிசெய்யுங்கள், தட்டைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றேன். அடுத்த தணிக்கையின்போது முள் வேலை செய்துகொண்டிருந்தது. பழைய கிண்ணமே இன்னும் லாரியில் இருக்கிறது.