சுகர் நோய் இல்லாதவருக்கும் லோ சுகர் வருமா?



போன மாதக் கூட்டத்தில் ஒரு அக்கா எழுந்து, "எனக்கு சுகரே கிடையாது. ஆனா சாப்பிட்டு மூணு மணி நேரத்துல வேர்த்துக் கொட்டுது, கை நடுங்குது, கண்ணு இருட்டுது. இது லோ சுகரா?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவங்க, "திருஷ்டி, சுத்திப் போடு" என்றார்கள். எங்களுக்கும் அன்றைக்குப் பதில் தெரியவில்லை. கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறோம்.

லோ சுகர் பெரும்பாலும் சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு நேரத்துக்குச் சாப்பிடாதவர்களுக்குத்தான் வரும். விரதம் இருந்து 14 கிலோமீட்டர் கிரிவலம் போகிற நம்ம ஊரில் இதை அடிக்கடி பார்க்கிறோம். ஆனால் சுகர் இல்லாதவருக்கும், வேறு நோய்க்குச் சாப்பிடும் மாத்திரையால், மிக அபூர்வமாக இது வரலாம். 1970-ல் ஜப்பானில் ஹிராட்டா என்ற மருத்துவர் இதை முதலில் எழுதினார். பிறகு இந்தியாவிலும் இப்படிப்பட்ட நோயாளிகளை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

முக்கியமாக இரண்டு மாத்திரைகள். ஒன்று, தைராய்டு அதிகமாகச் சுரப்பதற்குத் தரும் கார்பிமசோல். (காலையில் வெறும் வயிற்றில் போடும் தைராக்சின் வேறு, அதற்குப் பயப்பட வேண்டாம்.) இன்னொன்று ஆல்பா லிபோயிக் ஆசிட். பேர் புதுசா இருக்கலாம், ஆனால் கால் எரிச்சல், மரத்துப்போதல் என்று மெடிக்கலில் கேட்டால் தரும் "நரம்பு மாத்திரை" பலவற்றில் இது கலந்திருக்கும். சீட்டு இல்லாமலே வாங்கி மாதக்கணக்கில் சாப்பிடுகிறோமே, அதுதான் எங்களுக்குக் கவலை.

இந்த மருந்துகளில் உள்ள கந்தகப் பகுதி இன்சுலினின் அமைப்பை மாற்றுவதாகக் கருதுகிறார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதை அந்நியமாக நினைத்துப் பிடித்து வைக்கிறது. குழுப் பணத்தைப் பூட்டி வைத்தவர், கேட்டபோது தராமல் நடுராத்திரியில் மொத்தமாகக் கொட்டினால் எப்படி இருக்கும்? அதுபோல, சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்து இன்சுலின் மொத்தமாக விடுபட்டு, சர்க்கரை சரசரவென்று இறங்கிவிடும். மாத்திரை ஆரம்பித்த சில வாரங்களிலேயே வரலாம்.

காரணம் தெரியாமல் கணையத்தில் கட்டி என்று நினைத்து ஆபரேஷன் வரை போனவர்களும் உண்டு. ஆனால் காரணமான மருந்தை டாக்டர் நிறுத்தினாலே, பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடுகிறது. அதனால்தான் டாக்டரிடம் எல்லா மாத்திரையையும் சொல்லணும் என்கிறோம். இன்சுலின் அளவு, இன்சுலினுக்கு எதிரான ஆன்டிபாடி இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை உண்டு.

இதைப் படித்துவிட்டு நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். தைராய்டு, டிபி, இதய மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் அது பெரிய ஆபத்து. டாக்டர்தான் மாற்றித் தரணும்.

நடுக்கம், வியர்வை வந்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கணும். முடிந்தால் அந்த நேரத்திலேயே விரலில் குத்திச் சர்க்கரை அளவைப் பார்த்துக் குறித்து வையுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடி குடிக்கலாம். மயங்கி விழுந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

கூட்டத்தில் கேட்ட அக்கா இப்போது தன் மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு மஞ்சப் பையில் போட்டு, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக நாள் குறித்திருக்கிறார். எங்களில் ஒருவர் கூடப் போகிறோம்.