ஐந்து டாலர் கையெழுத்து! அமெரிக்க ஜூனியர் காலேஜ் வீரர்களும் அவர்களின் ரசிகர்களும்

ஷெரில் ஸ்வூப்ஸ், டெக்சாஸ் மாநிலத்தின் பிரவுன்ஃபீல்ட் என்ற சின்ன ஊரில் வளர்ந்தவர். பாஸ்கெட்பாலில் புலி. பள்ளிப் படிப்பு முடிந்ததும், ஆஸ்டின் நகரில் இருக்கும் டெக்சாஸ் பல்கலைக்கழகம் முழு ஸ்காலர்ஷிப் தந்து அழைத்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டு போனவர், சில நாள்களிலேயே ஊருக்குத் திரும்பிவிட்டார். காரணம் வேறொன்றுமில்லை, வீட்டு ஏக்கம்!

திரும்பி வந்தவர், வீட்டுக்குப் பக்கத்து ஊரான லெவல்லேண்டில் உள்ள சவுத் ப்ளெய்ன்ஸ் காலேஜில் சேர்ந்தார். இரண்டே வருடப் படிப்பு தரும் ஜூனியர் காலேஜ் அது. அங்கே விளையாடிப் பெயர் வாங்கி, அதன்பின் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1993-ல் தேசிய இறுதிப் போட்டியில் தனி ஆளாக 47 புள்ளிகள் எடுத்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். 1995-ல் நைக்கி நிறுவனம் அவர் பெயரிலேயே ஒரு ஷூவை வெளியிட்டது. நைக்கி ஒரு பெண்ணின் பெயரில் வெளியிட்ட முதல் பாஸ்கெட்பால் ஷூ, ‘ஏர் ஸ்வூப்ஸ்’.

ஆனால், லெவல்லேண்டில் ஆடிய அந்த இரண்டு வருடங்களில், ஒரு ரசிகர் பந்தை நீட்டி, “கையெழுத்துப் போடும்மா, ஐந்து டாலர் தருகிறேன்” என்று சொல்லி, அவரும் வாங்கியிருந்தால்? பெரிய கல்லூரியில் விளையாடும் தகுதியே கேள்விக்குறி ஆகியிருக்கும். கல்லூரி வீரர் என்றால் அமெச்சூர், அமெச்சூர் என்றால் தன் பெயரால் ஒரு பைசா சம்பாதிக்கக்கூடாது. அன்றைய சட்டம் அப்படி.

இன்று அந்த ஐந்து டாலர் குற்றமில்லை. ஆனால், அதைக் கொடுக்கும் ரசிகர் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு கொடுப்பது நல்லது.

அது என்ன ஜூனியர் காலேஜ்?

மும்பையிலும் ஆந்திராவிலும் ஜூனியர் காலேஜ் என்றால் பிளஸ் ஒன், பிளஸ் டூ. அமெரிக்காவில் அப்படியில்லை. பள்ளி முடித்தவர்கள் குறைந்த கட்டணத்தில் முதல் இரண்டு வருடக் கல்லூரிப் படிப்பை முடிக்கும் இடம் அது. பிறகு, விரும்பினால் நான்கு வருடப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் சேரலாம். விளையாட்டு வட்டாரத்தில் செல்லமாக ‘ஜூகோ’ என்பார்கள். இவற்றின் தேசிய விளையாட்டு அமைப்பு 1938-ல் உருவானது. சுமார் 500 கல்லூரிகள் அதில் இருக்கின்றன.

யார் இங்கே வருகிறார்கள்? பள்ளியில் நன்றாக ஆடியும் மதிப்பெண் போதாதவர்கள், உயரம் குறைவு என்று பெரிய கல்லூரிகள் ஒதுக்கியவர்கள், பணமில்லாதவர்கள், ஷெரில் மாதிரி வீட்டை விட்டுப் போக முடியாதவர்கள். அமெரிக்கக் கால்பந்தில் பின்னாளில் கொடிகட்டிப் பறந்த ஆரன் ராட்ஜர்ஸை அன்று பெரிய கல்லூரி எதுவும் சீந்தவில்லை. கலிஃபோர்னியாவின் பியூட் காலேஜில் ஆடிக்கொண்டிருந்தார். வேறொரு வீரரைப் பார்த்துப்போக வந்த பல்கலைக்கழகக் கோச்சின் கண்ணில் பட்டார். அங்கே திரும்பியது வாழ்க்கை!

இந்தக் கல்லூரிகளிலும் மூன்று அடுக்குகள் உண்டு. முதல் அடுக்கில் படிப்போடு தங்குமிடம், சாப்பாட்டுக்கும் சேர்த்து ஸ்காலர்ஷிப் தரலாம். இரண்டாவதில் கட்டணமும் புத்தகமும் மட்டும். மூன்றாவதில் விளையாட்டுக்கென ஸ்காலர்ஷிப்பே கிடையாது. தனி அமைப்பாக இயங்கும் கலிஃபோர்னியாக் கல்லூரிகளிலும் கிடையாது. காலையில் பயிற்சி, பகலில் வகுப்பு, மாலையில் மேட்ச், இரவில் பஸ் பயணம் என்று ஓடும் பிள்ளை, பகுதிநேர வேலைக்குப் போக நேரத்துக்கு எங்கே போகும்?

கதவு திறந்தது

மாற்றத்துக்கு விதை போட்டது ஒரு வீடியோ கேம் என்றால் நம்புவீர்களா? எட் ஓபேனன், 1995-ல் கோப்பை வென்ற யு.சி.எல்.ஏ. பாஸ்கெட்பால் அணியின் நட்சத்திரம். பல வருடம் கழித்து, நண்பர் வீட்டுப் பையன் ஆடிய கேமில் தன்னைப் போலவே ஒரு வீரரைப் பார்த்தார். அதே மொட்டைத் தலை, அதே 31-ம் எண், அதே இடதுகை ஆட்டம். பெயர் மட்டும் போடவில்லை. அவருக்கு ஒரு டாலர்கூட வரவுமில்லை. 2009-ல் வழக்குப் போட்டார். அந்த வழக்கும் அதைத் தொடர்ந்த வழக்குகளும், மாநிலச் சட்டங்களும் சேர்ந்து நெருக்கியதில், 2021 ஜூலை 1 முதல் பெரிய கல்லூரிகளின் அமைப்பான என்.சி.ஏ.ஏ. இறங்கி வந்தது. வீரர்கள் தங்கள் பெயர், உருவம், சாயல் மூன்றையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்றது. ஆங்கிலத்தில் சுருக்கமாக என்.ஐ.எல்.

அன்றைய தினமே ஃப்ரெஸ்னோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் இரட்டைச் சகோதரிகள் ஹேலி, ஹேனா கேவிண்டர் இருவரும் ஒரு செல்போன் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் அவர்கள் படம் மின்னியது. அதன்பின் பெரிய கல்லூரிகளில் பணம் கொட்டியது. 2024-ல் கல்லூரிக் கால்பந்து வீடியோ கேம் மீண்டும் வந்தபோது, அதில் இடம்பெறச் சம்மதித்த ஒவ்வொரு வீரருக்கும் 600 டாலரும் ஒரு கேமும் கொடுத்தார்கள். ஆனால், அதெல்லாம் உச்ச அடுக்குப் பல்கலைக்கழகங்களுக்கு. ஜூகோ பையன்கள் கடையில் காசு கொடுத்துத்தான் அந்த கேமை வாங்க வேண்டியிருந்தது.

இந்த ஏற்றத்தாழ்வு நீதிமன்றப் படியும் ஏறியது. டியாகோ பவியாவை எந்தப் பெரிய கல்லூரியும் கூப்பிடவில்லை. பறக்கும் தட்டுக் கதைகளுக்குப் பேர்போன ராஸ்வெல் ஊரில் உள்ள நியூ மெக்ஸிகோ மிலிட்டரி இன்ஸ்டிடியூட் என்ற ஜூனியர் காலேஜில் ஆடினார். 2021-ல் அந்த அணி தேசிய சாம்பியன். அங்கிருந்து படிப்படியாக ஏறி, வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் கேப்டன் இடத்துக்கு ஈடான குவார்ட்டர்பேக் ஆனார். 2024 அக்டோபரில், நாட்டின் நம்பர் ஒன் அணியான அலபாமாவைத் தோற்கடித்தார்கள். ஊரே கொண்டாடியது.

சீசன் முடியும்போது வந்தது சிக்கல். கல்லூரி வீரருக்கு நான்கு சீசன்தான் அனுமதி, ஜூகோவில் ஆடியதும் கணக்கில் சேரும் என்பது விதி. பவியா வழக்குத் தொடுத்தார். பெயரை வைத்துச் சம்பாதிக்கும் வாய்ப்பு உண்மையில் பெரிய கல்லூரிகளில்தான் இருக்கிறது, ஜூகோவில் கழித்த வருடத்தை அதில் கழித்தால் எப்படி நியாயம் என்பது வாதம். 2024 டிசம்பரில் நீதிபதி அவர் பக்கம் இடைக்காலத் தடை கொடுத்தார். அவரைப் போன்ற மற்ற வீரர்களுக்கும் ஒரு வருடம் விதி தளர்ந்தது. கூடுதலாகக் கிடைத்த அந்த சீசனில், கல்லூரிக் கால்பந்தின் உச்ச விருதான ஹைஸ்மேனுக்கான வாக்கெடுப்பில் இரண்டாம் இடம் வந்தார் பவியா.

அவருக்கு இடைக்காலத் தடை கிடைத்தது, சரி. ஆனால், அந்த வாதத்தின் அடியில் கிடப்பது ஒரு கசப்பான உண்மை. ஜூகோ வீரருக்கும் உரிமை உண்டு, வாங்க ஆள் இல்லை. டிவி இல்லை, பெரிய பிராண்ட் எட்டிப் பார்ப்பதில்லை. மிச்சமிருப்பது ரசிகர்தான்.

ரசிகர் என்ன வாங்கலாம்?

‘வாங்கலாம்’ என்ற சொல் முக்கியம். இது நன்கொடை இல்லை. ரசிகர் பணம் தருகிறார், வீரர் அதற்கு ஒரு வேலை செய்கிறார். தாத்தாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு அரை நிமிட வாழ்த்து வீடியோ, கையெழுத்திட்ட பந்து, வீரரின் பெயர் போட்ட டி-ஷர்ட் எல்லாமே இதில் அடக்கம். ஓபன்டார்ஸ் போன்ற தளங்கள் இதற்கென்றே இருக்கின்றன. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் முன்னாள் வீரர்கள் இருவர் தொடங்கியது அது. வீரரின் பெயரைத் தேடி, என்ன வேண்டும், எவ்வளவு தர முடியும் என்று அனுப்பினால், அவர் சம்மதித்துச் செய்துகொடுத்தபின் பணம் போய்ச்சேரும். தளத்தில் இல்லாத பிள்ளைகளும் நிறைய. அவர்களுக்கு இன்ஸ்டாகிராமில் மரியாதையாக ஒரு மெசேஜ் போதும்.

ஒரு வீடியோவுக்கு 25 டாலர் என்று வைத்துக்கொண்டால், நாற்பது ரசிகர்கள் சேர்ந்தால் ஆயிரம் டாலர். நட்சத்திர வீரருக்கு அது ஷூ லேஸ் காசு. ஜூகோ பிள்ளைக்கு வாடகை.

உள்ளூரில் கடை வைத்திருக்கும் ரசிகருக்கு இன்னும் வசதி. 2022-ல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்துக்கு ஒரு வீரர் வந்தார். பெயர் டிகோல்டஸ்ட் க்ராஃபோர்ட். ‘மிகக் குளிர்ந்தவர்’ என்று பொருள் வரும் பெயர். ஓமாஹா ஊர் ஏ.சி. கம்பெனி ஒன்று விடுமா? உடனே பிடித்து விளம்பரத்தில் நடிக்க வைத்துவிட்டது. நாடெங்கும் சிரித்துச் சிரித்துப் பகிர்ந்தார்கள். அவர் பெரிய கல்லூரி வீரர்தான். ஆனால், அந்த விளம்பரத்துக்குத் தேவைப்பட்டது ஒரு பெயரும், ஒரு கடையும், கொஞ்சம் குறும்பும் மட்டுமே. இதை எந்தச் சிற்றூர் பீட்சா கடையும் செய்யலாம்.

எல்லாவற்றையும்விட உருப்படியானது, வீட்டுக் குழந்தைக்குப் பயிற்சி. ஜூகோ ஊர்கள் பெரும்பாலும் சின்ன ஊர்கள். அங்கே பத்து வயதுப் பையனுக்குப் பந்து வீசக் கற்றுக்கொடுக்க, தினமும் மணிக்கணக்கில் பந்து வீசும் இருபது வயது அண்ணனைவிட நல்ல ஆள் யார்? சனிக்கிழமை ஒரு மணி நேரம். கொடுத்தவருக்கும் லாபம், வாங்கியவருக்கும் கௌரவம்.

கொடுக்கும் முன்...

நல்லெண்ணத்தில் கொடுத்த பணமே வினையாகவும் முடியலாம். “இன்று இரண்டு கோல் போட்டால் நூறு டாலர்” என்று சொல்லக்கூடாது. “எங்கள் கல்லூரியில் சேர்ந்தால் தருகிறேன்” என்பதும் கூடாது. ஆட்டத்துக்கும் சேர்க்கைக்கும் விலை பேசுவதைக் கல்லூரி விளையாட்டு விதிகளும் பல மாநிலச் சட்டங்களும் தடுக்கின்றன. மது, சூதாட்டக் கம்பெனி விளம்பரங்களுக்கும் பல மாநிலங்களில் தடை. கல்லூரியின் லோகோவும் சீருடையும் வீரருக்குச் சொந்தமில்லை. அவற்றைப் பயன்படுத்தும் முன் கல்லூரியிடம் கேட்டுவிட வேண்டும்.

வருமானம் என்றால் வரியும் உண்டு. அமெரிக்கச் சட்டப்படி இது சுயதொழில் வருமானம். செலவு போக ஆண்டுக்கு 400 டாலர் வந்தாலே கணக்குக் காட்ட வேண்டும். பீட்சா கடைக்காரர் பணத்துக்குப் பதில் ஒரு மாதச் சாப்பாடு கொடுத்தாலும் அதுவும் வருமானம்தான்! பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு இதை யாரும் சொல்லித் தருவதில்லை. எவ்வளவு, எப்போது, எதற்காக என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்கும் ரசிகர் பாதி உபகாரத்தை அதிலேயே செய்துவிடுகிறார்.

வசதியில்லாத குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அரசு தரும் ‘பெல்’ உதவித்தொகை ஆண்டுக்கு அதிகபட்சம் 7,395 டாலர். திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. சில நூறு டாலர் சம்பாத்தியம் பொதுவாக அதை அசைக்காது. பல ஆயிரம் வந்தால் அசைக்கலாம். அதிலும் இரண்டு வருடத்துக்கு முந்தைய வருமானத்தைத்தான் பார்ப்பார்கள். ஜூகோவில் சம்பாதித்ததற்கு, கட்டணம் அதிகமான பல்கலைக்கழகத்துக்குப் போனபிறகு பலன் தெரியும். பெரிய தொகை என்றால், கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது உத்தமம்.

மிகவும் கவனிக்க வேண்டியது, வெளிநாட்டு மாணவர்கள். ஜூகோ அணிகளில் அவர்கள் நிறைய. மாணவர் விசாவில் இருப்பவர் அனுமதியில்லாமல் வெளிவேலை செய்து சம்பாதித்தால் விசாவே போகலாம். பிள்ளையை அமெரிக்காவில் படிக்க வைத்திருக்கும் நம்மூர்ப் பெற்றோருக்கு இந்த பயம் நன்றாகவே தெரியும். கென்டக்கி பல்கலைக்கழகத்தில் ஆடிய காங்கோ நாட்டு வீரர் ஆஸ்கர் ஷிப்வே, 2022-ல் அணியோடு பஹாமாஸ் தீவுக்குப் போனபோதுதான் தன் விளம்பர வேலைகளை முடித்துக்கொண்டார், அமெரிக்க மண்ணில் செய்யாமல்! ஜூகோ பிள்ளைக்கு பஹாமாஸ் டிக்கெட்டுக்கு வழி? அத்தகைய வீரருக்கு ரசிகர் 50 டாலர் நீட்டாமல் இருப்பதே உதவி. மைதானத்துக்கு வந்து கை தட்டலாம், அதற்கு விசா கேட்பதில்லை.

காலமும் குறைவு. ஜூகோ வீரர் ஓர் ஊரில் இருப்பது இரண்டே வருடம். கன்சாஸின் ஹட்சின்சன் நகரில் 1949-லிருந்து மார்ச் மாதம் ஆண்கள் பாஸ்கெட்பால் தேசியப் போட்டி நடந்து வருகிறது. கொலராடோவின் கிராண்ட் ஜங்ஷனில் 1959-லிருந்து மே கடைசியில் பேஸ்பால் தொடர். ஊரே திரண்டு வந்து உட்காரும். அது முடிந்ததும் இரண்டாம் வருடப் பிள்ளைகள் பெட்டியைக் கட்டிவிடுவார்கள். தாத்தாவுக்கு வாழ்த்து வீடியோ வேண்டும் என்றால், ஏப்ரலிலேயே கேட்டுவிட வேண்டும்.