12 வோல்ட்டில் பிறக்கும் குட்டி மின்னல்: தெரியுமா உங்களுக்கு?

டீசல் லாரிக்கு ஸ்பார்க் பிளக்கே கிடையாது. அமுக்கிய காற்றின் சூடே போதும். ஆனால் அமெரிக்காவின் பழைய பிக்கப் டிரக்குகள் பெரும்பாலும் பெட்ரோலில் ஓடுபவை; அவற்றுக்குப் பொறி வேண்டும். 1970-ம் வருட செவர்லே சி-10 ஒன்றின் பானெட்டைத் தூக்குங்கள். வி8 எஞ்சினின் பின்புறம் ஒரு கறுப்பு மூடி, அதிலிருந்து கிளம்பும் ஒன்பது வயர்கள். அதுதான் பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர். அங்கே நடப்பதெல்லாம் அதிசயம்!

கரண்ட் அறுந்தால்தான் பொறி!
பேட்டரி கொடுப்பது வெறும் 12 வோல்ட். 'காயில்' என்ற கம்பிச்சுருள் அதை 20,000 வோல்ட்டுக்கு மேல் ஏற்றிவிடும்! வேடிக்கை என்னவென்றால், கரண்ட் ஓடும்போது பொறி வராது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் 'பாயிண்ட்' என்ற குட்டி சுவிட்ச் திறந்து கரண்ட் அறுபட்டதும் காயிலின் காந்தப்புலம் சட்டென்று சரியும். அந்தச் சரிவில்தான் அத்தனை வோல்ட்டும் எழும். இந்த வித்தையை 1910 காடிலாக் காரில் ஏற்றியவர் சார்லஸ் கெட்டரிங். அவருடைய கம்பெனியான 'டெல்கோ'வின் பெயருக்கு அர்த்தம் தெரியுமா? டேட்டன் எஞ்சினியரிங் லேபரட்டரீஸ் கம்பெனி என்பதன் சுருக்கம்!

மணிக்கு 7,20,000 முறை!
எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால், பாயிண்ட் நொடிக்கு 200 முறை திறந்து மூடும். புது பாயிண்டுக்கு இடைவெளி 0.019 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டர்கூட இல்லை! பாயிண்டைத் தள்ளித் திறக்கும் கேமில் (சுழலும் மேடுள்ள தண்டு) உரசும் சின்னக் கட்டை தேயத் தேய இடைவெளி குறையும், டைமிங் பின்தங்கும், வண்டி இழுக்காது. கேமில் ஒரு துளி கிரீஸ் தடவினால் கட்டை நீடிக்கும். இந்த டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் ஒரு குட்டி ஜன்னல்கூட உண்டு. எஞ்சின் ஓட ஓடவே அதன் வழியாக ஆலன் கீயை விட்டுச் சரிசெய்யலாம்!

உலோகம் இடம்பெயரும்!
கழற்றிய பாயிண்டை உற்றுப் பாருங்கள். ஒரு முகத்தில் குழி, எதிர் முகத்தில் மேடா? பொருந்தாத கண்டென்சரின் வேலையாக இருக்கலாம். விரல் நுனி அளவுள்ள கண்டென்சர்தான் பாயிண்டில் தீப்பொறி பறக்காமல் காக்கிறது. அதனால்தான் இரண்டையும் சேர்த்தே மாற்றுவார்கள்.

வயர் வேஷத்தில் ஒரு ரெசிஸ்டர்!
இக்னிஷனிலிருந்து காயிலுக்கு வரும் வயர் சாதாரண செம்புக் கம்பி இல்லை. பாயிண்ட் கருகாதிருக்க வோல்ட்டைக் குறைக்கும் தடைக்கம்பி! ஸ்டார்ட் ஆகும்போது மட்டும் காயிலுக்கு முழு பேட்டரி வோல்ட் வேறு வழியில் போகும். சாவியைத் திருப்பினால் எஞ்சின் பற்றிக்கொள்கிறது, விட்டதும் நின்றுவிடுகிறதா? முதல் சந்தேகம் இந்த வயர்மேல்தான்! பழைய டாட்ஜ் டிரக்குகளில் இதே வேலையைப் பீங்கான் கட்டை ஒன்று செய்யும்.

5-க்கும் 7-க்கும் ஆகாது!
இந்த வி8 பற்றும் வரிசை 1-8-4-3-6-5-7-2. ஐந்தும் ஏழும் பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள், பற்றுவதும் அடுத்தடுத்து. இரண்டு வயர்களையும் ஒட்டிப் படுக்கவைத்தால், 5-ன் மின்சாரம் 7-ஐத் தூண்டி முன்கூட்டியே பற்றவைத்துவிடலாம்! அதனால் இடம்விட்டு, கிளிப்பில் பிரித்து மாட்டுவார்கள்.

இருட்டில் தெரியும் குற்றவாளி!
வயரின் உறை வெடித்திருந்தால், இரவில் எஞ்சினை ஓடவிட்டு எட்டி நின்று பாருங்கள். நீலப் பொறி தாவுவது கண்ணில்படும், தொட்டுவிடாதீர்கள்! மூடியின் உட்புறத்தில் மயிரிழைபோல் கறுப்புக் கோடு தெரிந்தால், மின்சாரம் கள்ளவழி கண்டுபிடித்துவிட்டது என்று பொருள். மூடியையும், அதற்குள் சுழலும் ரோட்டரையும் மாற்றிவிட வேண்டியதுதான்.

போட்டிக் கம்பெனிகளுக்கு ஒரே பெயர்!
'சாம்பியன்' பிளக், 'ஏசி' பிளக் இரண்டுக்கும் பெயர் தந்தவர் ஒரே ஆள்: பிரான்சின் சைக்கிள் பந்தய வீரர் ஆல்பர்ட் சாம்பியன்! 'ஏசி' அவருடைய இனிஷியல். எந்தப் பிளக்கானாலும் நிறம் உண்மை சொல்லும். வெளிர் பழுப்பு நலம். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். ஈர எண்ணெய் என்றால் சிலிண்டருக்குள் ஆயில் கசிகிறது.

கடைசி ரகசியம்!
ஒன்பது வயரையும் ஒரே மூச்சில் பிடுங்கிவிட்டு வரிசை மறந்து விழிப்பவர்கள் உண்டு. பழையது ஒன்றைக் கழற்றி, அதே இடத்தில் புதியதை மாட்டி, பிறகு அடுத்தது. அந்த 1-8-4-3-6-5-7-2-ஐ மனப்பாடம் செய்யாமலே டிரக் உறுமும்!