கச்சா எண்ணெய்: விலையை மட்டும் பார்த்தால் போதாது

"இதுக்கு மேல எங்க இறங்கப் போகுது?" எண்ணெய் விலை சரியும்போதெல்லாம் கேட்கும் கேள்வி இது. பதில் 2020 ஏப்ரல் 20-ல் கிடைத்தது. அன்று அமெரிக்காவின் டபிள்யூ.டி.ஐ. மே மாத ஒப்பந்தம் பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது.

எப்படி மைனஸ் போகும்? அந்த ஒப்பந்தம் காலாவதி ஆகும்போது கையில் வைத்திருப்பவர் ஓக்லஹோமா மாநிலத்தின் குஷிங் என்ற ஊரில் நிஜமாகவே எண்ணெயை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு ஒப்பந்தத்துக்கு 1,000 பீப்பாய். காலாவதி மறுநாள். கொரோனாவால் எண்ணெய் வாங்க ஆளில்லை. குஷிங்கில் காலி டேங்க் கிடைப்பதும் அரிதாகிவிட்டது. டேங்க் இல்லாதவர்கள், "காசும் தர்றேன், எண்ணெயையும் எடுத்துக்கோ" என்ற நிலைக்கு வந்தார்கள்.

சரி, அது அமெரிக்கா. நம்மூருக்கு என்ன? மும்பையின் எம்.சி.எக்ஸ். சந்தையில் நடக்கும் எண்ணெய் வர்த்தகத்தின் கடைசிக் கணக்கு, அந்த அமெரிக்க விலையை ரூபாயாக மாற்றித்தான் தீர்க்கப்படுகிறது. ஏப்ரல் ஒப்பந்தம் முடிந்ததும் அதே 20-ம் தேதி. வழக்கமாக இரவு 11:30 வரை நடக்கும் வர்த்தகம் ஊரடங்கால் மாலை 5 மணிக்கே மூடப்பட்டது. மூடும்போது விலை சுமார் 965 ரூபாய். இறுதித் தீர்வு விலை மைனஸ் 2,884 ரூபாய்!

கணக்குப் போடுவோம். ஒரு லாட் 100 பீப்பாய். 965-க்கு ஒரு லாட் வாங்கியவர், "விலை பூஜ்யமே ஆனாலும் 96,500 ரூபாய்தானே போகும்" என்று நினைத்திருப்பார். போனது 3,84,900 ரூபாய். ஸ்டாப் லாஸ் போட்டிருந்தாலும் பிரயோஜனமில்லை. சந்தை மூடியிருக்கும்போது அதை நிறைவேற்ற ஆளில்லை. இந்தத் தீர்வு விலையை எதிர்த்துத் தரகர்கள் மும்பை உயர் நீதிமன்றம் வரை போனார்கள்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது: எண்ணெய் ஏறும் என்ற கணிப்பு தப்பில்லை. ஜூன் கடைசியில் விலை 40 டாலரை நெருங்கிவிட்டது. திசையைச் சரியாகச் சொன்னவர்களும் தேதியில் மாட்டிக்கொண்டார்கள்.

"அடுத்த மாத ஒப்பந்தத்துக்கு மாறிக்கலாமே?" மாறலாம், அதற்கும் செலவு உண்டு. ஏப்ரல் 17 அன்று மே ஒப்பந்தம் 18.27 டாலர், ஜூன் சுமார் 25 டாலர். மேயை விற்று ஜூனை வாங்கினால், அதே பணத்துக்கு 100 பீப்பாய் 73 ஆகிவிடும். மாதாமாதம் இப்படி மாற்றும் எண்ணெய் ஃபண்டுகளில், எண்ணெய் ஏறியும் உங்கள் யூனிட் அந்த அளவு ஏறாததற்கு இதுதான் காரணம்.

ஆகவே, எண்ணெயில் இறங்குவதற்கு முன் நான் பார்க்கச் சொல்வது நான்கு விஷயம்:

1. காலாவதி தேதி. கடைசி நாள் வரை காத்திருக்காமல், சில நாட்கள் முன்பே வெளியேறிவிடுவது நல்லது.

2. தீர்வு விலை எந்தச் சந்தையில், எத்தனை மணிக்கு முடிவாகிறது? அந்த நேரத்தில் உங்கள் சந்தை திறந்திருக்குமா?

3. கட்டிய மார்ஜினை வைத்து ரிஸ்க்கை அளக்காதீர்கள். லாட்டின் முழு மதிப்பைப் பாருங்கள். அது மொத்தமாகப் போனாலும், அதற்கு மேல் போனாலும் வீட்டுச் செலவு ஓடுமா?

4. நஷ்டத்துக்கு உச்சவரம்பு வேண்டுமென்றால் ஆப்ஷன் வாங்கலாம்; கட்டிய பிரீமியத்தோடு நஷ்டம் நிற்கும். ஆனால் லாபத்தில் இருக்கும் ஆப்ஷன் காலாவதியில் ஃபியூச்சராக மாறலாம். அதனால் முதல் விதி இங்கேயும் உண்டு. ஆப்ஷன் விற்பவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

எனர்ஜி பங்குகளில் இந்தக் காலாவதித் தொல்லை இல்லை. ஆனால் எல்லாமே ஒரே திசையில் போகாது. எண்ணெய் எடுக்கும் ஓ.என்.ஜி.சி.க்கு விலையேற்றம் பொதுவாக நல்லது. பெட்ரோல் விற்கும் இந்தியன் ஆயிலுக்கு, பங்க் விலையை ஏற்ற முடியாத நாட்களில் அதுவே சுமை. இரண்டையும் "எண்ணெய்ப் பங்கு" என்று ஒரே பையில் போட்டுவிடாதீர்கள்.