மேடு பள்ளம் – 11: கூரைமேல் எத்தனை கிலோ?

மணாலியிலிருந்து லே போகும் வழியில், தண்டி பெட்ரோல் பங்கில் ஒரு பலகை நெடுங்காலமாகப் பேர்பெற்றது. அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்பது அதன் செய்தி. லடாக், ஸ்பிதி என்று கனவு காண்பவர்கள் அந்தப் பலகையின் படத்தைப் பார்த்த மறுநாளே கூரை கேரியர் தேடக் கிளம்பிவிடுகிறார்கள். மேலே இரண்டு ஜெர்ரி கேன், கூடுதலாக ஒரு ஸ்டெப்னி, மடக்குக் கூடாரம், தண்ணீர். எந்தக் கேரியர் வாங்கலாம் என்பதுதான் இந்தத் தொடர் தொடங்கியதிலிருந்து வாசகர்கள் விடாமல் கேட்கும் கேள்வி.

கேரியரைப் பார்க்கும் முன் வண்டியோடு வந்த கையேட்டைத் திறக்க வேண்டும். கூரை எத்தனை கிலோ தாங்கும் என்று அதில் ஓர் எண் இருக்கும். அந்த எண்ணிலிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது. 2018-ல் வந்த தலைமுறை ஜிம்னிக்கு சுசூகி சொல்லும் கூரைப் பாரம் வெறும் 30 கிலோ. இதில் கேரியரின் சொந்த எடையும் அடக்கம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இரும்புக் குழாயில் பற்றவைத்துச் செய்யும் கூடை கேரியர் பெரும்பாலும் 25 கிலோவுக்குக் குறையாது. கனமான குழாய் என்றால் 40-ஐத் தொடும். அப்படி ஒன்றை மாட்டிய ஜிம்னியின் மேல் ஒரு படுக்கைச் சுருளை வைக்கக்கூடக் கணக்கில் இடமில்லை.

கோவையில் ஒரு வெல்டிங் பட்டறையில் இதைச் சொன்னபோது அங்கிருந்த தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. "ஏனுங்ணா, முப்பது கிலோவா? நானே மேல ஏறி நிக்கறேன், பாருங்க" என்று ஏறியும் நின்றார். கேரியர் அசையவில்லை. அவர் செய்த வேலை சுத்தமானது, அவர் சொன்னதும் பொய்யில்லை. ஆனால் அவர் நின்றது அசையாத வண்டியின் மேல். நிற்கும் வண்டி தாங்குவது ஓர் அளவு, ஓடும் வண்டி தாங்குவது வேறோர் அளவு. புதிய லேண்ட்ரோவர் டிஃபெண்டருக்கு அந்த நிறுவனமே இரண்டையும் தனித்தனியாகத் தருகிறது: நிற்கும்போது 300 கிலோ, ஓடும்போது 168. அதனால்தான் கூரைக் கூடாரத்துக்குள் இரண்டு பேர் படுத்துத் தூங்க முடிகிறது. அதே எடையோடு ஓட்ட முடியாது. கரடுமுரடான பாதை என்றால் ஓடும் அளவையும் 1.5-ஆல் வகுத்துக்கொள்ளச் சொல்கிறது ஆஸ்திரேலியாவின் ரைனோ-ராக் நிறுவனம். 75 கிலோ அங்கே 50 ஆகிவிடும். கேரியருக்கு ஓர் அளவு, கூரைக்கு ஓர் அளவு என்று இரண்டு எண்கள் கையில் இருந்தால் சிறியதுதான் செல்லும்.

கூரை உடைந்துவிடும் என்பதல்ல முதல் பயம். வண்டி சாய்ந்துவிடும் என்பதுதான். தலையில் நிறைகுடத்தோடு வரப்பில் நடப்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நமக்காக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆளும் பெட்டியுமாக ஜிம்னி 1,400 கிலோ, அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் இடையே சுமார் 140 சென்டிமீட்டர். இப்போது 185 சென்டிமீட்டர் உயரத்தில் 100 கிலோ ஏற்றுகிறோம். வண்டியின் எடை ஏழு சதவீதம்தான் கூடுகிறது. ஆனால் ஈர்ப்பு மையம் ஏறக்குறைய 8 சென்டிமீட்டர் மேலே போய்விடுகிறது. பக்கவாட்டில் கவிழாமல் நிற்கும் திறன் பத்தில் ஒரு பங்கு குறைகிறது. ஏட்டுக் கணக்கில் 45 பாகைச் சரிவில் கவிழும் வண்டி 42-லேயே கவிழும்.

இது சஸ்பென்ஷன் இல்லாத, அசையாத பொம்மை வண்டியின் கணக்கு. உண்மையான பாதை இன்னும் கடுமையானது. கிராம்பூவிலிருந்து பாதல் வரை ஸ்பிதிக்குப் போகும் தடத்தில் உருண்டைக் கற்களும் ஓடைகளும்தான் சாலை. ஒரு பக்கச் சக்கரம் குழியில் இறங்கும்போது ஸ்பிரிங் அமுங்கி, வண்டி அந்தப் பக்கம் சாய, மேலே இருக்கும் எடை அந்தச் சாய்வை இன்னும் இழுத்துவிடும். சக்கரம் மேலேறியதும் மறுபக்கம் வீசும். அதே 100 கிலோ இருக்கைக்குப் பின்னால் தரையோடு தரையாகக் கிடந்திருந்தால் வண்டி இன்னும் நிதானமாகத்தான் நின்றிருக்கும். ஆகவே கனமானது எதுவும் கூரைக்குப் போகக் கூடாது. வின்ச், கருவிப்பெட்டி, தண்ணீர், கூடுதல் சக்கரம் எல்லாம் கீழேயே இருக்கட்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

எரிபொருள் ஒன்றுதான் தர்மசங்கடம். பெட்ரோல் ஆவி உள்ளே சேர்வது ஆபத்து. கேனை ஆட்கள் இருக்கும் இடத்தில் வைக்கக் கூடாது. அப்படியானால் கூரைதானே? முதலில் அது தேவையா என்று பாருங்கள். ஜிம்னியின் டாங்க் 40 லிட்டர். லிட்டருக்கு 17 கிலோமீட்டர் என்பது சோதனைச்சாலைக் கணக்கு. மலையில் 12 என்று குறைத்துப் போட்டாலும் 480 கிலோமீட்டர் வரும். தண்டிப் பலகையின் 365-ஐத் தாண்டிவிட்டோம். ஸ்பிதியில் காசாவிலேயே பங்க் இருக்கிறது. ஜன்ஸ்கார் பக்கம் கிளை பிரிந்து சுற்றுபவர்கள் மட்டும் எரிபொருளுக்கென்றே செய்த கேன் ஒன்றை, விளிம்புவரை நிரப்பாமல், கூரையின் நடுவில் கட்டிக்கொண்டு போகட்டும். உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறைந்து கேன் உப்பும். அதற்கு இடம் விட வேண்டும்.

கேரியரின் வடிவத்துக்கு வருவோம். சுற்றிலும் கம்பி உயர்ந்த கூடை பார்க்கக் கம்பீரமாக இருக்கும். பொருளைத் தூக்கி எறிந்தாலும் உள்ளே நிற்கும். ஆனால் எடை அதிகம், காற்றையும் அதிகம் தடுக்கும். தட்டையான அலுமினியத் தளம் 15 முதல் 20 கிலோவில் முடிந்துவிடும். இரண்டு குறுக்குக் கம்பிகள் மட்டும் என்றால் ஐந்தாறு கிலோ. ஜிம்னிக்கு என் தேர்வு குறுக்குக் கம்பிகள்தான்: மணலில் சிக்கினால் சக்கரத்தடியில் போடும் பலகை ஒரு ஜோடி எட்டு கிலோவுக்குள் இருக்கும், அதோடு தூங்கும் பையும் தார்ப்பாயும். அதற்கு மேல் வேண்டாம். பெரிய வண்டி, கையேட்டில் 75 அல்லது 100 கிலோ என்றிருந்தால் தட்டைத் தளம் வாங்கலாம்.

இரும்பா அலுமினியமா? இரும்பு உடைந்தால் எந்த ஊர்ப் பட்டறையிலும் பற்றவைத்துக்கொள்ளலாம். அலுமினியத்துக்கு ஆர்கான் வெல்டிங் வேண்டும். காசாவில் அதைத் தேடி அலைய முடியாது. அதோடு தொடர் அதிர்வில் பற்றவைத்த அலுமினியம் ஒட்டின் ஓரத்தில் விரிசல் விடும். ஆகவே அலுமினியம் எடுத்தால், பற்றவைக்காமல் போல்ட்டால் கோத்த தளமாகப் பாருங்கள். ஒரு துண்டு போனால் அதை மட்டும் மாற்றலாம்.

ஜிம்னியில் ஒரு நல்ல அம்சம் உண்டு. இன்றைய கார்கள் பெரும்பாலும் கைவிட்டுவிட்ட, மழைநீர் வடியும் விளிம்பு அதன் கூரையோரம் நீளமாக இருக்கிறது. கேரியரின் கால்கள் அதைப் பிடித்துக்கொண்டால் பாரம் மெல்லிய தகட்டில் இறங்காமல் பக்கச் சுவர்களில் இறங்கும். துளை போட வேண்டியதில்லை. துளை போடவே கூடாது என்பதற்கு இன்னொரு காரணம்: இந்திய ஜிம்னியின் ஆறு ஏர்பேக்குகளில் இரண்டு, கதவுகளுக்கு மேல் கூரையோரத்தில்தான் சுருண்டிருக்கின்றன. டிரில்லோடு வருபவருக்கு அது வெளியே தெரியாது.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கழற்றக்கூடிய, வாகன நிறுவனமே விற்கும் துணைப்பொருள் என்றால் சாலையில் விளக்கம் சொல்வது எளிது.

மாட்டிய முதல் 50 கிலோமீட்டரில் ஒருமுறை, கரடான பாதையில் தினமும் மாலையில் ஒருமுறை போல்ட்டுகளை இறுக்கிப் பாருங்கள். நைலாக் நட் போடுங்கள். கட்டுவதற்கு எலாஸ்டிக் கயிறு வேண்டாம். ராட்சட் பெல்ட் போதும். ஊர் திரும்பியதும் கேரியரைக் கழற்றிவிடுங்கள். வேகத்தின் வர்க்கத்துக்கேற்பக் காற்றின் தடை ஏறும். கூரைமேல் பெரிய பெட்டி இருந்தால் விரைவு நெடுஞ்சாலை வேகத்தில் மைலேஜ் 10 முதல் 25 சதவீதம்வரை விழலாம் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. அங்கே கூரை கேரியர்களால் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 10 கோடி காலன் பெட்ரோல் கூடுதலாக எரிவதாக லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தார் 2015-ம் ஆண்டுக்குக் கணக்கிட்டார்கள். அதில் ஒரு பங்கு, மேலே எதுவுமே இல்லாமல் ஓடும் வெற்றுக் கேரியர்களால் எரிவது.